ஸ்ரீபெரும்புதூர் தாண்டாத சர்வேயர்

அவருக்குத் தெரியாத சாலை இந்தத் தேசத்தில் இல்லை. அவர் போயிருந்த சாலைகள்தான் இரண்டே இரண்டு. ஒன்று, மண்ணூர்பேட்டையிலிருந்து பூந்தமல்லிக்கு அவர் தினமும் காலையில் சைக்கிள் மிதித்து வருகிற சாலை. இன்னொன்று, அதே சாலையில் சாயங்காலம் திரும்பிப் போவது. மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அதைப் பற்றி அவர் பேச மாட்டார். நான் பேசுவேன்.

யுத்த காலம் அது. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் முதலாளிக்கு ஒரு தகரக் கொட்டகையும் நான்கு லாரிகளும் இருந்தன. ஒன்றை நான் ஓட்டினேன். இங்கிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக மைசூர் சமஸ்தானத்து எல்லையைத் தாண்டி பெங்களூர் போவோம். வரும்போது உருளைக்கிழங்கும் கோஸும் வரும். எல்லைக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ராஜ்யம், அந்தப் பக்கம் மகாராஜா ராஜ்யம். சாலையில் குழி மட்டும் இரண்டு ராஜ்யத்திலும் ஒரே ஆழம்.

பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. எங்களுக்குக் கரிதான். லாரியின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையை மாட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு மூட்டி, அதிலிருந்து வருகிற வாயுவில் இஞ்சினை ஓட்டினோம். சமதரையில் ஏதோ ஓடும். மேடு வந்தால் கிழவன் மாடிப்படி ஏறுகிற மாதிரிதான். நான்கு அடி ஏறும், நின்று மூச்சு வாங்கும், மறுபடி யோசிக்கும்.

அந்த ஷெட்டில் புக்கிங் கிளார்க்காக இருந்தவரைத்தான் நாங்கள் 'சர்வேயர்' என்போம். எதிரே நின்றால் 'அண்ணாத்தே'. சரக்கைப் பதிந்து, எல்லைச் சாவடிக்கு வேண்டிய பர்மிட்டை எழுதி, டிரைவர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் அவர் உத்தியோகம். ஆனால் அந்தக் காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்குவது லேசில்லை. முதலில் குந்த வேண்டும். அவரும் எதிரே குந்துவார். கரி மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, சிமென்ட் தரையில் பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் வரைக்கும் ஒரு கோடு இழுப்பார்.

"இங்க பாலாறு. பாலத்துல ஏறச்சொல்ல சோத்தாங்கை பக்கம் ஒதுங்கு. அப்பால ஆம்பூரு. அங்க நிறுத்தாதே, தோல் நாத்தம் கொடலைப் புடுங்கும். கேக்குறியா?"

கேட்பவன் அந்தச் சாலையில் பதினைந்து வருஷமாக ஓடுகிறவன். ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பர்மிட் அவர் சட்டைப் பையில் இருந்தது.

அவர் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். என்றோ ஒரு நாள் முதலாளி அவரை லாரியில் ஏற்றிக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினாராம். மோட்டார் நெடி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தண்டலத்தில் ஒரு தடவை, சுங்குவார்சத்திரம் வரட்டும் என்று காத்திராமல் ஸ்ரீபெரும்புதூரிலேயே நான்கு தடவை வாந்தி. அங்கேயே இறங்கி, இருபது மைலுக்குக் குறையாமல் நடந்தே வீடு திரும்பினார் என்று சொல்வார்கள். இதை அவரிடம் கேட்டால், "ஸ்ரீபெரும்புதூரா? அங்க ஒரு வளைவு கீது பாரு, ஜாக்ரதையா திருப்பு" என்பார்.

பின்னே எப்படித்தான் அவருக்கு அத்தனையும் தெரிந்தது? எங்களிடம் கேட்டுத்தான். ஆனால் கேட்கிற மாதிரி கேட்க மாட்டார். டிரிப் முடிந்து வருகிறவனிடம், "இன்னா, வாணியம்பாடி பாலத்துல கைப்பிடி இன்னும் அப்டியேதான் கீதா?" என்பார். "இல்ல அண்ணாத்தே, எடது கைப்பக்கம் ஒடஞ்சி போச்சி" என்று இவன் சொல்வான். "ஆமா, ஒடஞ்சிதான் போச்சி" என்பார், தானே உடைத்துவிட்டு வந்த மாதிரி. அவ்வளவுதான், அது அவர் மண்டைக்குள் போய்விட்டது. அடுத்த நாள் இன்னொருவனுக்குத் தரையில் கோடு போடும்போது உடைந்த கைப்பிடியும் சேர்ந்து வரும்.

'தெரியாது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்கலாம் என்று நாங்கள் எடுத்த முயற்சிகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒருத்தன் திபெத்துக்கு வழி கேட்டான். "வடக்கால போ. பனி ஜாஸ்தி, கம்பளி எட்துக்கோ" என்றார். அதில் தப்புக் கண்டுபிடிக்க எங்களுக்கும் வழியில்லை.

எல்லையில் என்ன பேச வேண்டும் என்றும் சொல்லித் தருவார். கன்னடத்தில். அந்தப் பாஷை பேசுகிற மனிதர் ஒருவரையாவது அவர் நேரில் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். "சாவடில சேவகன் வருவான். தலையக் குனிஞ்சிகினு, 'உப்பு மாத்ரா, பேரே ஏனூ இல்லா சாமி'ன்னு சொல்லு. உப்பு மட்டுந்தான், வேற ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

நான் முதல் தடவை போனபோது அப்படியே சொன்னேன். சாவடிக்காரன் பர்மிட்டைப் புரட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சுத்தமான தமிழில், "ஏம்பா, உனக்கும் பூந்தமல்லிக்காரர்தான் சொல்லிக் குடுத்தாரா? லாரியில கருவாடு நாறுது, உப்பு மட்டும்னு சொல்றே" என்றான். அவர் தாண்டாத எல்லையை அவர் புகழ் தாண்டியிருந்தது. திரும்பி வந்து சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை. "கருவாட்டுக்கு வேற வாக்கியம் கீது. நீ கேக்கல" என்றார்.

எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். ராத்திரி பகலாகக் கரிப்புகையைக் குடித்து ஓட்டுகிறவன் நான். மேலுமலை ஏற்றத்தில் பாதி மூட்டைகளை இறக்கி, வண்டியை மேலே ஏற்றிவிட்டு, கீழே வந்து மூட்டைகளைச் சுமந்து ஏறுகிறவன் நான். ஆனால் முதலாளியிலிருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் வழி என்றால் அவரைத்தான் கேட்டார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கூட அடுத்தவனைக் கூப்பிடுகிற மனிதரை.

கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவே இருப்பது மேலுமலை. கரி லாரிக்காரனுக்கு எமன். ஒரு தடவை டிரிப் முடிந்து வந்த நான், முதுகு வலியோடு கரி மூட்டைமேல் சாய்ந்திருந்தேன். அவர் வந்து, "இன்னா, மேலுமலைல எத்தினி மூட்டை எறக்கினே?" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "நான் ஏன் எறக்குறேன்? மேடே இல்லாத வழி ஒண்ணு கீதே, ஏரிக்கரை மேல. அப்டியே சுத்திகினு சூளகிரில போய் ஏறிக்கலாம். உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

அப்படி ஒரு வழியே கிடையாது. அந்தக் கணத்தில் நான் செய்த வழி அது. தெரியாது என்று சொல்லட்டும், ஒரு தடவை சொல்லட்டும் என்பதைத் தவிர வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை.

அவர் இமைகூடக் கொட்டவில்லை. "அதுவா? ரெட்டைப் புளியமரத்தாண்ட திரும்புறதுதானே?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். சிரிப்பு வெளியே வந்துவிடக் கூடாதே. அந்தச் சாலையில் இரட்டைப் புளியமரம் இல்லாத பர்லாங்கே இல்லை. நான் போட்ட பொய்ச் சாலைக்கு அவர் திருப்பம் வைத்துக் கொடுத்துவிட்டார். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, நினைத்து நினைத்துத் தனியே சிரித்தேன். ஒரு மாதம் கழித்து வேலூரில் டீ குடிக்கும்போது, வேறு கம்பெனி டிரைவர் ஒருவர் இன்னொருவரிடம், "மேலுமலைக்குச் சுத்து வழி ஒண்ணு இருக்குதாமே? கரை மேல ஒரு கெணறு, கெணத்தாண்ட தயிர் விக்கிற அம்மா..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். சர்வேயர் வாய் வழியாக ஊர் சுற்றி, என் சாலையில் குடித்தனமே வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தபாலாபீஸ் திறந்திருப்பார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

கன்னியப்பன் எங்கள் ஷெட்டுக்கு வந்தது அந்த ஐப்பசியில். சேக்காட்டுக்காரன். அவன் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவன் மட்டும் ஆவடி பட்டாள முகாமில் எடுபிடியாகச் சேர்ந்து, லாரி ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கிவிட்டான். கல்யாணமாகி ஆறு மாதம். புதியவன் என்பதால் இருப்பதிலேயே சொத்தை வண்டியை அவனுக்குக் கொடுத்தார் முதலாளி. சமதரையிலேயே மூச்சு வாங்குகிற வண்டி.

அவன் பெங்களூருக்கு முதல் டிரிப் கிளம்பிய காலையில் நல்ல மழை. வண்டி நிறைய உப்பு மூட்டை, மேலே தார்ப்பாய். நான் பக்கத்தில் என் வண்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தேன். சர்வேயர் குந்தினார், கன்னியப்பனும் குந்தினான். எங்களைப் போல முகத்தைச் சுளிக்காமல், பள்ளிக்கூடத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து கேட்டான். அவருக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது என்பது அந்தக் கரிக்கோட்டின் நீளத்திலேயே தெரிந்தது.

"நைனா, உன் வண்டி மேலுமலை ஏறாது. நீ புதுசு வேற. கரி போடுற ஒருத்தன வெச்சிகினு மூட்டைய எறக்கி ஏத்த முடியாது. உனுக்கு மட்டும் ஒரு வழி சொல்றேன்" என்று மெயின் கோட்டிலிருந்து ஒரு வளைவை இழுத்தார்.

என் வழி. தரையில் கறுப்பாகக் கிடந்தது.

சொல்லியிருக்கலாம். ஐந்தடி தூரத்தில்தான் நின்றேன். 'டேய், அது வேணாம்டா' என்று இரண்டு வார்த்தை. ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒரு மைல் போவான், வழி இருக்காது, திரும்பி வருவான், வந்து ஷெட்டில் எல்லோர் எதிரிலும் சொல்வான், அன்றைக்கு இருக்கிறது சர்வேயருக்கு. இப்படி நினைத்துக்கொண்டு கரியைப் போட்டேன். ரொம்பக் கருத்தாகப் போட்டேன்.

மூன்றாம் நாள், பெங்களூரிலிருந்து திரும்பிய எங்கள் லாரி ஒன்று செய்தி கொண்டுவந்தது. கன்னியப்பன் இரட்டைப் புளியமரத்தில் திரும்பியிருக்கிறான். நல்லவேளையோ கெட்டவேளையோ, அங்கே நிஜமாகவே ஓர் ஏரியும் அதன் கரைமேல் ஒரு வண்டித்தடமும் இருந்திருக்கிறது. மழையில் ஊறிய கரை. அரை மைலில் கரை விட்டுக்கொடுக்க, லாரி ஏரிப்பக்கம் சாய்ந்துவிட்டது. கரி போடுகிற ஆள் குதித்துத் தப்பினான். கன்னியப்பன் தொடை எலும்பு முறிந்து, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கிடந்தான். உப்பு முழுவதும் ஏரியில்.

முதலாளி என்னைப் போகச் சொன்னார். "நானும் போறேன்" என்று ஒரு குரல் கேட்டது. சர்வேயர்தான். 

அந்தப் பயணத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ஒரு மனிதனின் வயிற்றில் அவ்வளவு இருக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பூந்தமல்லி தாண்டியதும் தலையை வெளியே நீட்டியவர், கிருஷ்ணகிரி வரைக்கும் உள்ளே இழுக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. ஆனால் வாய் மட்டும், வாந்திக்கு நடுவே, ஓயவில்லை.

"காவேரிப்பாக்கம் ஏரி வரும், காத்து ஜில்லுனு அடிக்கும்."

அடித்தது.

"இப்ப ஒரு மாரியாத்தா கோயிலு. அதுக்கப்பால பள்ளம்."

கோயில் வந்தது. பள்ளம் வந்தது.

"வாணியம்பாடி பாலம். எடது பக்கம் கைப்பிடி இல்ல, பாத்துப் போ."

கைப்பிடி இல்லை. நூற்றைம்பது மைலில் ஒரு மைல்கல், ஒரு சுமைதாங்கி தப்பவில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டு மறந்துபோனவை அத்தனையும் அந்த மனிதரின் மூடிய கண்ணுக்குள் ஒழுங்காக, வரிசையாக இருந்தன. ஒரு தப்பு உண்டென்றால் அது ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

முதலில் ஏரியைப் பார்க்க வேண்டும் என்றார். கிருஷ்ணகிரியைத் தாண்டிப் போய் ஏரிக்கரையில் இறக்கிவிட்டேன். வாயைக் கழுவிக்கொண்டு கரைமேல் நடந்தார். லாரி யானை படுத்த மாதிரி தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்க்க நிற்காமல் அதையும் தாண்டி நடந்தார். தடம் ஒரு மதகில் போய் முடிந்தது. அதற்கு அந்தப் பக்கம் முள்ளும் பாறையும்தான். அங்கே எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அவர் கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

"ஐயா, இதுக்கு மேல சூளகிரிக்கு வழி இருக்குதா?"

"இங்க ஏதுங்க வழி? என் எருமையே அப்பால போவாது" என்றார் பெரியவர்.

சர்வேயர் ஒருத்தரிடம் வழி கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. கணக்கு வாத்தியார் விடை தப்பாக வந்த கணக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். மெயின் ரோடுலேந்து ரெண்டாவது சந்து" என்றார். இரண்டாவது சந்துதான்.

பூந்தமல்லி திரும்பியதும் விசாரணை. முதலாளி நாற்காலியில், நாங்கள் நின்றபடி.

"எவன் சொன்னான் அந்த வழிய?"

"நான்தான் சொன்னேன்" என்றார் சர்வேயர்.

"உனக்கு எவன் சொன்னான்?"

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் அந்த ஷெட்டில் இரண்டு பேர். ஒருவன் தரையைப் பார்த்தான். தரையில் பழைய கரிக்கோடுகள் இருந்தன.

"எவனும் சொல்லல. எனக்கே தெரியும்."

"எப்டிய்யா தெரியும்? நீ ஸ்ரீபெரும்புதூரத் தாண்டலியே!"

"தெரியும்னா தெரியும் மொதலாளி."

அன்றைக்கே அவர் கணக்கு முடிந்தது. கரித்துண்டைக் கரி மூட்டையிலேயே போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எனக்கு அடுத்த நாள் டிரிப் இருந்தது. போனேன்.

அவருக்குப் பதிலாக வந்த கிளார்க்கு நன்றாகப் படித்தவர். எந்த வழி கேட்டாலும், "எனக்குத் தெரியாதுங்க, விசாரிச்சுப் போங்க" என்று நாணயமாகச் சொல்வார். நாங்கள் ஆசைப்பட்ட வார்த்தை தினமும் பத்துத் தடவை கிடைத்தது. அந்த மாதத்தில் மட்டும் இரண்டு லாரி வழி தவறிப் போயின.

தை பிறந்த பிறகு ஒரு நாள், மனசு கேட்காமல் சேக்காட்டுக்குப் போய்க் கன்னியப்பனைப் பார்த்தேன். கம்பு ஊன்றி வாசலில் நடந்துகொண்டிருந்தான். ஒரு கால் கொஞ்சம் குட்டை. இனி லாரி ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆவடி முகாமில் ஸ்டோர் காவலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றான். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சர்வேயர் ஐயா ஞாயித்துக்கெயமை தவறாம வராருண்ணா" என்றாள்.

"வந்து இன்னா சொல்றாரு? மன்னிப்பு கேக்குறாரா?"

"அய்ய, அதெல்லாம் இல்ல. குந்திகினு இவுருக்கு நடக்க சொல்லிக் குடுக்குறாரு. கம்ப எந்தக் கைல புடிக்கணும், எந்தக் கால மொதல்ல வெக்கணும், படி ஏறச்சொல்ல எப்டி ஏறணும்னு. அவுருக்கும் எப்பனா காலு ஒடஞ்சிருக்குமோ இன்னாவோ."

அவர் கால் ஒருநாளும் உடைந்ததில்லை. ஆனால் கன்னியப்பன் நடந்தான்.

அங்கிருந்து நேராக மண்ணூர்பேட்டைக்குப் போகும் தைரியம் எனக்கு வரவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தது. ஒரு மத்தியானம் பூந்தமல்லியிலிருந்து அயனம்பாக்கம் ஏரி ஓரமாகச் சைக்கிளில் போனேன். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். வேலை ஒன்றும் அமையவில்லை போலிருந்தது. உட்காரச் சொன்னார். கடலையை என் பக்கம் தள்ளினார். நான் இரண்டு கடலையை எடுத்து உரித்தேன்.

"அண்ணாத்தே, அந்த ஏரிக்கரை வழி... நான் உட்ட புளுகு. சொம்மா சொன்னேன்."

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்போ தெரியும்? அந்த எருமைக்காரர் சொல்லித்தானே?"

"நீ சொன்ன அன்னிக்கே தெரியும். உன் மூஞ்சப் பாத்தா தெரியாதா?"

"தெரிஞ்சிகினேவா அவனுக்கு அந்த வழியச் சொன்னீங்க?"

 தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். கரைமேல் நின்று வழி கேட்ட முகத்தை நான் பார்த்தவன். என் பாரத்தை இறக்குவதற்காகச் சொன்னாரா, தெரியாது என்று சொல்ல நா எழாமல் சொன்னாரா? அதை நான் எப்படிக் கேட்பது? கேட்டால் அதற்கும் 'தெரியும்' என்பார். அன்றைக்கு ஒரு தடவை, என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டு, 'எனக்கு அப்போ தெரியலடா பாவி' என்று சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அந்தச் சுலபத்தை அவர் எனக்குத் தரவில்லை.

நான் எழுந்து சைக்கிளைத் தள்ளினேன். வாசல் வரைக்கும் வந்தார்.

"எப்டிப் போவே?"

"வந்த வழியே போறேன் அண்ணாத்தே. அயனம்பாக்கம்."

"அத்தாலே போவாதே. ஏரித் தண்ணி ரோட்ல நிக்கிது, முட்டி ஆழம். பாடி போயி, மெயின் ரோடு புட்ச்சி சுத்திகினு போ."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் நான் அந்த வழியாக வந்திருந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, புழுதிதான் பறந்தது.

"சரி அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டு, பாடி வழியாகவே போனேன். நல்ல வெயில். நாலு மைல் சுற்று.